யார் வேண்டுமானாலும் படிக்கலாம்

"டீச்சர், வீட்டுல திருடன் புகுந்துட்டான்" என்றான் சவரிமுத்து.

சபுரா டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"கதவு?"

"திறந்துதான் இருந்துச்சு."

"திறந்து வெச்சது யாரு?"



"நாம ரெண்டு பேரும்தான்."

"அப்ப அவன் திருடன் இல்லையே. விருந்தாளி."

"விருந்தாளி சாப்பிட்டுட்டுப் போவான் டீச்சர். இவன் பாத்திரத்தையும் தூக்கிட்டுப் போய் எதிர்த் தெருவுல ஓட்டல் வெச்சிருக்கான்."

டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சவரிமுத்து திருச்சியில் ஒரு ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்தவன். நாற்பது வயதுக்கு மேல் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுத்தவர் சபுரா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இலவசமாக வகுப்பு எடுத்தார். அவனைவிட ஆறேழு வயது சின்னவர். அவன் அவரை டீச்சர் என்றான். அவர் அவனை அண்ணே என்றார். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

இருவரும் சேர்ந்து எழுதியதுதான் 'துளி'. யார் ரத்தம் கொடுத்தார், அந்தப் பை எங்கே இருக்கிறது, யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்று ரத்த வங்கிகளுக்குச் சொல்லும் மென்பொருள். ரத்தம் எப்படி நடந்துகொள்ளும் என்று அவன் சொல்லச் சொல்ல, எந்த ரத்தம் யாருக்குப் போகலாம் என்று தீர்மானிக்கும் பகுதி முழுவதையும் டீச்சர் எழுதினார். துளியின் உயிர் அந்தப் பகுதியில்தான் இருந்தது.

எழுதி முடித்த அன்று டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எல்லாருக்கும் திறந்து வெச்சிடணும் அண்ணே. உயிர் விஷயத்துல ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

திறந்து வைத்தார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால், அதையும் அதேபோல் திறந்தே கொடுக்க வேண்டும். உரிமம் அவ்வளவுதான்.

சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன. முகம் தெரியாதவர்கள் திருத்தங்கள் அனுப்பினார்கள். சவரிமுத்து வேலையை விட்டுவிட்டு ஒரு கம்பெனி தொடங்கினான். துளியை ஆஸ்பத்திரிகளில் நிறுவித் தருவது, பழுது பார்ப்பது, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. அதில் பிழைப்பு ஓடியது.

பிறகு ஒரு பெரிய கம்பெனி வந்தது.

அவர்கள் துளியை எடுத்தார்கள். பெயரை மாற்றினார்கள். தங்கள் இயந்திரங்களில் ஓட்டி ஆஸ்பத்திரிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். நிரலை யார் கையிலும் கொடுக்கவில்லை. அதனால் அவர்கள் செய்த மாற்றத்தைத் திறந்து காட்ட வேண்டிய கட்டாயமும் வரவில்லை. உரிமத்தில் ஒரு எழுத்தைக்கூட அவர்கள் மீறவில்லை. சவரிமுத்துவின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள்.

"வக்கீலைப் பாத்தேன்" என்றான். "ஒரு வழி இருக்கு. உரிமத்தை மாத்திடலாம். புரோகிராம் கோட் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிங்க அவங்கவங்க தேவைக்கு ஓட்டிக்கலாம். ஆனா எங்களுக்குப் போட்டியா விக்கக்கூடாது. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தந்தப் பதிப்பு பழையபடி எல்லாருக்கும் திறந்துடும்."

"பாக்கலாம், விக்கக்கூடாது."

"ஆமா."

"ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு. அக்கம்பக்கத்துல இருக்கற சின்ன ஆஸ்பத்திரிங்களுக்கும் சேத்து இதை ஓட்டுது. கரண்டு செலவுக்குக் கொஞ்சம் வாங்கிக்குது. அது?"

"எங்களுக்கு எழுதிக் கேட்டா அனுமதி கொடுப்போம்."

"எங்களுக்குன்னா?"

"எனக்குத்தான்."

"நீங்க இல்லாத அன்னிக்கு?"

சவரிமுத்து கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"டீச்சர், திருத்தம் அனுப்பின எல்லாரும் எங்க ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்காங்க. எழுதினதோட உரிமை கம்பெனிக்குன்னு. நீங்க எழுதினது மட்டும் கம்பெனிக்கு முந்தினது. உங்க கையெழுத்து இல்லாம எதையும் மாத்த முடியாது."

பேனாவைத் திறந்து காகிதத்தின் மேல் வைத்தான்.

டீச்சர் முழுவதையும் படித்தார். அவசரமில்லாமல், பரீட்சைத் தாள் திருத்துவதுபோல.

"இதனால அந்தக் கம்பெனி நின்னுடுமா? பழைய துளி அவங்ககிட்ட இருக்கே. அதுல புது உரிமம் ஒட்டாதே."

"பழசு சீக்கிரம் பழசாயிடும் டீச்சர்."

டீச்சர் பேனாவை எடுத்தார். மூடினார். எழுந்து வந்து அவன் சட்டைப் பையில் செருகினார்.

சவரிமுத்துவுக்கு முகம் சுட்டது.

"என்னை நம்பி வேலைக்கு வந்த பிள்ளைங்க இருக்காங்க டீச்சர். அடுத்த மாசம் அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? உங்களுக்கு என்ன, ஒண்ணாம் தேதியானா ஸ்கூல்ல சம்பளம் வந்துடும்."

சொல்லியிருக்க வேண்டாம் என்று சொல்லும்போதே தெரிந்தது. வார்த்தை வெளியே போய்விட்டது.

"ஆமா அண்ணே" என்றார் டீச்சர். "வந்துடும்."

மீண்டும் டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

வழி காட்டியவன் நிவேதன். கம்பெனியின் தலைமை நிரலாளன்.

"கையெழுத்து எதுக்கு சார்? அவங்க எழுதின ஒவ்வொரு வரியையும் எடுத்துட்டுப் புதுசா எழுதிடுவோம். அப்புறம் யாரைக் கேக்கணும்?"

வக்கீலும் தலையாட்டினார். ஆனால் ஒரு எச்சரிக்கை சொன்னார். எழுதுகிறவர்கள் பழைய வரிகளைக் கண்ணால் பார்க்கவே கூடாது. பார்த்து எழுதினால் அது நகல். பழையதைத் தெரிந்த ஒருவர், ஒவ்வொரு பகுதியும் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் குறிப்பு எழுதித் தரலாம். அந்தக் குறிப்பை வைத்து மற்றவர்கள் எழுதலாம்.

டீச்சர் எழுதிய பகுதியில் சவரிமுத்து இதுவரை வேறு யாரையும் கை வைக்க விட்டதில்லை. பழையதைத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் உட்கார்ந்தான். டீச்சர் எழுதிய வரிகளைத் திரையில் திறந்தான். நடுநடுவே அவர் தமிழில் எழுதிவைத்த குறிப்புகள் கிடந்தன. 'இங்கே அவசரம் வேண்டாம்.' 'அண்ணன் சொன்னது: உறையவைத்த பிளாஸ்மாவுக்கு வேறு கணக்கு.' 'இது எனக்கே முழுசாகப் புரியவில்லை, ஆனால் சரி.'

கடைசிக் குறிப்பைப் படித்துச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

அதன் பிறகு அவன் டீச்சருடைய குறிப்புகளைப் படிக்கவில்லை. வரிகளை மட்டும் பார்த்து, தன் குறிப்பை எழுதி, அடுத்ததுக்குப் போனான். சீக்கிரம் முடித்துவிட வேண்டும்போல் இருந்தது.

பிள்ளைகள் எழுதினார்கள். சோதித்தார்கள். ஓடியது.

அறிவிப்பு வெளியாவதற்கு முன்னால் அவன் சைக்கிள் கடை மாடிக்குப் போனான். அவர் வேறு யார் வாயிலிருந்தோ கேட்டுவிடக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனான். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

"துளியில இப்ப உங்க வரி ஒண்ணுகூட இல்ல டீச்சர்."

டீச்சர் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்பு மை ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

"படிக்கலாமா?"

"தாராளமா. யார் வேணும்னாலும் படிக்கலாம்."

"டீ சாப்பிடுறீங்களா அண்ணே?"

அவன் வேண்டாம் என்றான். படியிறங்கும்போது, ஏன் வேண்டாம் என்றோம் என்று தெரியவில்லை.

அறிவிப்பு வந்ததும் வசவுகள் வந்தன. ஒரு காலத்தில் திருத்தம் அனுப்பியவர்கள், இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள், போனில் கூப்பிட்டுத் துரோகி என்றார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் அழுதார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கைபேசி எண்ணை மாற்றினான். புதிய எண்ணை வீட்டுக்கும் நிவேதனுக்கும் வக்கீலுக்கும் கொடுத்தான்.

அந்தப் பெரிய கம்பெனி ஒன்றும் சொல்லவில்லை. பழைய துளியை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டியது. அதைத் தடுக்கப் புதிய உரிமத்துக்குக் கை நீளவில்லை. ஆனாலும் புதிதாக வந்த ஆஸ்பத்திரிகள் சில சவரிமுத்துவிடம் வந்தன. சம்பளம் போட முடிந்தது. அவன் மூச்சு விட்டான்.

ஒரு நாள் காலை நிவேதன் ஓடிவந்தான்.

"சார், ஒருத்தங்க ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு ஒரு திருத்தம் அனுப்பியிருக்காங்க. பேரைப் பாருங்க."

திரையில் இருந்தது: சபுரா பேகம்.

கம்பெனிக்கு வெளியே இருந்து யார் திருத்தம் அனுப்பினாலும் முதலில் ஒப்பந்தம் வந்து நிற்கும். கையெழுத்து போடாவிட்டால் இயந்திரம் திருத்தத்தை வாங்காது. அதே ஒப்பந்தம்தான். அதே வாசகம்தான். இதுவரை எழுதியதும் இனி எழுதுவதும், எல்லா உரிமையும், கம்பெனிக்கு.

சவரிமுத்து நாற்காலியில் சாய்ந்தான். உள்ளே ஏதோ ஒன்று குதித்தது.

"பாத்தியா? கடைசியில அவங்களும் வந்துட்டாங்க. கேட்டப்ப பேனாவை மூடிச் சட்டைப் பையில செருகினாங்கடா. இப்பத் தானா வந்திருக்காங்க."

எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னான். பிறகுதான் திருத்தத்தைத் திறந்தான்.

மூன்றே வரி. மேலே தமிழில் ஒரு குறிப்பு.

'நோயாளியின் பழைய ரத்த வகையும் இப்போது வந்ததும் வேறாக இருந்தால் நிற்கவும். ரத்தம் கொடுக்கக் கூடாது. இரண்டாவது மாதிரி கேட்கவும்.'

வார்டில் ரத்தம் எடுக்கும்போது இரண்டு பேருடைய குழாய்களில் பெயர்ச்சீட்டு மாறிவிடுவது உண்டு. சவரிமுத்து தன் கண்ணால் பார்த்தவன். அப்போது இருக்கும் ஒரே சாட்சி அந்த நோயாளியின் பழைய பதிவுதான். அது ஓ என்று சொல்லி, புதியது ஏ என்று சொன்னால், யாரோ எங்கோ தவறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

"நம்ம புதுசுல இது இல்லையா?"

"இருக்கு சார்" என்றான் நிவேதன். "நீங்க குறிப்பு கொடுத்த மாதிரியே இருக்கு."

"எடு அதை."

நிவேதன் எடுத்தான். சவரிமுத்துவின் சொந்த வாசகம்: 'நோயாளிக்குப் பழைய ரத்த வகைப் பதிவு இருந்தால், புதியதோடு சரிசெய்யவும்.'

சரிபார்க்கவும் என்று எழுதியிருக்க வேண்டும்.

"நீங்க சரிசெய்யச் சொன்னீங்க சார். செஞ்சோம். வேற வேறயா இருந்தா, பழசை அழிச்சுட்டுப் புதுசை எழுதிடும்."

சவரிமுத்து எழுந்து நின்றான். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றான்.

"ஏத்துக்கோ. இப்பவே. எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பு. இதுவரைக்கும் எங்கெங்கே அப்படி அழிஞ்சிருக்குன்னு பாரு."

பார்த்தார்கள். தஞ்சாவூரில் ஒரே ஒரு நோயாளியின் பதிவு அழிந்திருந்தது. நிவேதன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசினான். பேசி முடித்ததும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னான்.

"பையைத் தொங்கவிட்டுட்டாங்களாம் சார். ஊசி போடறப்ப அவர் சம்சாரம் கேட்டிருக்காங்க, 'போன தடவை இவருக்கு ஓ-ன்னு சொன்னீங்களே, இதுல ஏ-ன்னு போட்டிருக்கே'ன்னு. நர்ஸ் நிறுத்திட்டாங்க."

"எப்ப?"

"முந்தாநேத்து."

மைசூர்பாகு வந்தது. யாரும் பெட்டியைத் திறக்கவில்லை.

நிவேதன் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "அந்தப் பெரிய கம்பெனிக்கு இது வந்திருக்காது சார். அவங்க இன்னும் டீச்சரோட வரியைத்தான் ஓட்டுறாங்க."

சவரிமுத்து பள்ளிக்கூடத்துக்கே போனான். மத்தியான இடைவேளை. டீச்சர் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் எதிர் பெஞ்சைக் காட்டினார்.

அவன் உட்காரவில்லை.

"ஏத்துக்கிட்டோம் டீச்சர். எல்லா இடத்துக்கும் போயிடுச்சு."

"யாருக்காவது ஏதாவது..."

"இல்ல. கடைசி நிமிஷத்துல நின்னுடுச்சு."

டீச்சர் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொன்னார். பிறகு மறுபடி சாதத்தைப் பிசைந்தார்.

"மூணு வரிக்காக எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டீங்களே டீச்சர். பழசு, புதுசு, எல்லாம். அதைப் படிக்காமப் போட்டீங்களா?"

"படிச்சேன். ஏற்கெனவே ஒரு தடவை படிச்சதுதானே."

"நான் கிழிச்சுப் போட்டுடுறேன். கம்பெனி என்னுது. உங்க கையெழுத்து செல்லாதுன்னு எழுதித் தந்துடுறேன்."

"முடியாது அண்ணே. ஏழாவது பத்தி. ஒரு தடவை கொடுத்தா ரெண்டு பக்கமும் ரத்து பண்ண முடியாதுன்னு போட்டிருக்கீங்க. நல்ல வக்கீல்தான்."

வெளியே பிள்ளைகள் குழாயடியில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. சவரிமுத்து பெஞ்சில் உட்கார்ந்தான். இவ்வளவு பெரிய மனிதனுக்கு அந்தப் பெஞ்சு சின்னதாக இருந்தது. முழங்கால் இடித்தது.

அவனுக்குத் திடீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அது எதிரில் இருந்தவர் மேல் பாய்ந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல டீச்சர்? ஒரே ஒரு போன். ஓடி வந்து நானே திருத்தியிருப்பேனே. கையெழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என்னை இப்படிக் குற்றவாளியாக்கிப் பாக்கணும்னு இருந்துச்சா உங்களுக்கு?"

டீச்சர் டிபன் பாக்ஸை மூடினார்.

"பண்ணினேன்."

"எப்ப?"

"புதுத் துளியில அந்தத் தப்பைப் பாத்த அன்னிக்கே. உங்க நம்பர் உபயோகத்துல இல்லேன்னு வந்துச்சு. ஆபீசுக்குப் பண்ணினேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. மரியாதையாத்தான் பேசுச்சு. வாடிக்கையாளர் எண் கேட்டுச்சு."

"உங்க பேரைச் சொல்லியிருக்கலாமே? நீங்க யாருன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் அண்ணே" என்றார் டீச்சர். "ஸ்பெல்லிங் கேட்டுச்சு."